ஊதா வயர்

என் தங்கையின் கணவர் என்னை "மச்சான்" என்று கூப்பிடுவது முறைக்காகவா கேலிக்காகவா என்று எனக்கு ஒருபோதும் பிடிபட்டதில்லை. அந்தக் குரலைக் கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் சீக்கிரம் எழுந்துவிடுவேன். கிள்ளான் பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் நாசி லெமாக் என்னும் மலாய்த் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களோடு, பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டுக் கம்பிக் கதவை ஆட்டுவார். "மச்சான், நோயாளி எப்படி இருக்காரு?" என்பார். நோயாளி என்று அவர் சொன்னது முன்கொட்டகையில் நின்ற என் அப்பாவின் காரை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அப்போது எனக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. அம்மா எப்போதோ போய்விட்டார், அப்பாவும் போய்ச் சில காலம் ஆகியிருந்தது. அந்த மர வீட்டில் நானும் அந்தக் காரும்தான் மிச்சம்.

அப்பா ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. இந்த நாட்டிலேயே பிறந்த எனக்கும் தங்கைக்கும் வீட்டுப் பேச்சு அந்தத் தமிழ்தான். காரை, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து அப்பா வாங்கினார். சாம்பல் நிறம், உருண்டையான முன்பக்கம். டாஷ்போர்டின் நடுவில் பெரிய ஸ்பீடோமீட்டர். அதன் ஒரு பக்கம் பெட்ரோலுக்கும் மறுபக்கம் மின்சாரத்துக்கும் சிறிய மீட்டர்கள். அப்பா தினமும் காலையில், மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியாலேயே அந்த மீட்டர் கண்ணாடிகளையும் துடைப்பார்.

முன் இருக்கையில் தங்கைதான் உட்காருவாள். ஸ்பீடோமீட்டரைப் பார்த்து வேகத்தைச் சொல்வது அவள் வேலை. "முப்பது... முப்பத்தஞ்சு... அப்பா, நாப்பது!" என்று கத்துவாள். அப்பா சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைப்பார். பின்னால் இருந்த எனக்கு அவளுடைய இரட்டைப் பின்னலும் அவளுக்கு முன்னால் நடுங்கிக்கொண்டிருந்த முள்ளும்தான் தெரியும். எனக்கு அந்த இடம் கிடைக்கவில்லையே என்று சின்ன வயதில் பொறாமை இருந்தது. பின்னாளில் அந்த இருக்கையில் அவள் இல்லாததைப் பார்த்த பிறகு அந்தப் பொறாமையைக்கூட ஆசையோடு நினைத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் அவள் தானாகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்தாள். அவருடைய பெற்றோர் கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அவர் தமிழ்ப்பள்ளியில் தொடங்கிப் படித்து, துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். அப்பாவும் குமாஸ்தாதான், அவரும் குமாஸ்தாதான். ஆனால் அப்பாவிடம் அவருக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. "தோட்டக்காட்டான்." தோட்டக் கூலிகளாக வந்த தமிழர்களை இழிவாகக் குறிக்கும் அந்தச் சொல்லை எங்கள் ஆட்கள் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். "அந்தத் தோட்டக்காட்டானோட போறவள் இனி என்ர காருக்குள்ள கால் வைக்கப்படாது," என்றார்.

அவள் டாக்சியில் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்த ஒரு கையெழுத்துக்காக என்னை நான் அப்பாவைவிட நல்லவன் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் சாவுக்கு அவள் வந்தாள். வாசலில் நின்றாள். உள்ளே வராமலே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு நான்தான் அவர்களைப் பார்க்க, கிள்ளானில் அவர்கள் குடியிருந்த பண்டமாரானுக்குப் போவேன். அப்படிப் போயிருந்த ஒரு மாலையில் மனதில் இருந்ததைச் சொன்னேன். காரைப் பழையபடி ஆக்க வேண்டும். தீபாவளிக் காலையில் அவளை அந்த முன் இருக்கையில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும்.

"ஓடுமா மச்சான் அது?" என்றார் அவர்.

"நீர் ஒரு கை குடுத்தால் ஓடும்."

"நீர்னா தண்ணி லா மச்சான். பொண்ணு குடுத்த வீட்டுல என்னைத் தண்ணிங்கிறீங்க."

உள்ளேயிருந்து தங்கை சிரித்தாள். எங்கள் பேச்சில் 'நீர்' என்பது சமமானவரை மதித்துக் கூப்பிடுவது. அவருக்கோ அது கோயில் திருவிழா நாடகத்தில் ராஜா பேசுவதுபோல் இருந்தது. அன்றிலிருந்து நான் 'நீர்' என்னும் போதெல்லாம் அவர் "சொல்லும் மன்னா" என்பார்.

தங்கை கதவோரம் வந்து நின்றாள். "முதல்ல ஓடட்டும் அண்ணா," என்றாள். "ஓடினால் ஏறுறன்."

அவள் அவ்வளவு சொன்னதே எனக்குப் பெரிதாக இருந்தது.

கிள்ளானில் ஒரு பட்டறையில் காரைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிப்பதாக ஏற்பாடு. அதற்கு அனுப்புமுன் டாஷ்போர்டை நாங்களே கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது. என் பயமெல்லாம் அதைப் பற்றித்தான். தகடு போனால் வேறு தகடு ஒட்டலாம், இருக்கைக்குப் புதுத் தோல் போடலாம். என் தங்கை படித்துக் காட்டிய அந்த எண்கள் வேறு எங்கே கிடைக்கும்?

முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றினோம். பிறகு நான் டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பல்லி முட்டை ஓடுகளும் காய்ந்த கரப்பான் இறக்கைகளும் முகத்தில் கொட்டின. துணி உறை போட்ட பழைய ரப்பர் வயர்கள், அழுத்தி வளைத்தால் பிஸ்கட்போல் உதிர்ந்தன. நிறமே தெரியாதபடி தூசி படிந்திருந்தது. ஒவ்வொரு வயரையும் ஈரத்துணியால் கொஞ்சம் துடைத்து, எங்கே போகிறது என்று பார்த்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை அதன் நுனியில் சுற்றி, அதன் மேல் பேனாவால் எழுதினேன். 'பெட்ரோல்', 'ஹார்ன்', 'சிறு விளக்கு' என்று. இங்கிலீஷில் எழுதப் போனேன். "தமிழ் கார் மச்சான் இது, தமிழ்ல எழுதுங்க," என்றார்.

ஸ்பீடோமீட்டரின் பின்னால் திருகியிருந்த கேபிளைக் குறடு போடாமல் விரல்களாலேயே தளர்த்தி எடுத்தேன். மணல் போகாதிருக்க அதன் வாயைப் பிளாஸ்டிக்கால் கட்டினோம். கண்ணாடி மேல் எந்தத் திரவத்தையும் தெளிக்கவில்லை. தெளித்தால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கி எண்களைக் கரைத்துவிடும். மீட்டர்களை ஃபிளானல் துணியில் சுற்றி, முகம் மேலே பார்த்திருக்கும்படி ஒரு கிரீம் கிராக்கர் டின்னுக்குள் வைத்தேன். இந்த ஊர் ஈரக்காற்றில் மூடிய டின்னுக்குள்ளும் கண்ணாடி வேர்க்கும் என்று நான் கவலைப்பட்டபோது, அவர் அடுத்த வாரம் துறைமுகத்துக்கு வரும் அட்டைப்பெட்டிகளில் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைப் பை நிறையக் கொண்டுவந்தார். "ஜப்பான் ரேடியோவுக்கு வந்தது மன்னா. நம்ம மீட்டருக்கும் ஒத்துக்கும்."

காருக்குள் தொங்கிய வயர்க் கட்டை மேலே தூக்கிக் கட்டி, இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றால் போர்த்தி, அதற்கு மேல் பிளாஸ்டிக் விரித்தோம். பிளாஸ்டிக்கை மட்டும் போட்டால் வேர்த்துவிடும். லோரி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனபோது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதுபோல் இருவரும் கையாட்டினோம்.

அந்த மாதங்களைத்தான் நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். வேலை தொடங்கிய பிறகு தங்கையும் அவரோடு வரத் தொடங்கினாள். முதல் நாள் சமையலறைக்குப் பின்வாசல் வழியாக வந்தாள். அடுத்த முறை முன்வாசல் வழியாக. காரின் பக்கம் மட்டும் போகமாட்டாள். தேத்தண்ணி ஊற்றி எடுத்துவந்து கொட்டகையின் விளிம்பில் நின்று, "ரெண்டு பேரும் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ," என்பாள். அந்த வீட்டில் அந்தத் தமிழ் மறுபடி கேட்டது. நான் வேண்டுமென்றே கையைக் கழுவாமல் இருப்பேன், அவள் இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று.

பெயின்ட் முடிந்து கார் திரும்பி வந்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மீட்டர்களை டின்னிலிருந்து எடுத்தபோது கண்ணாடியில் ஒரு புள்ளி ஈரம் இல்லை. அவற்றை அவற்றின் இடங்களில் பொருத்தி, பிளாஸ்டரில் எழுதியிருந்ததைப் படித்துப் படித்து ஒவ்வொரு வயராகப் பூட்டினேன். எல்லாம் சரியாக வந்தன.

இனி நான் செய்த தவறுகளைச் சொல்ல வேண்டும். காருக்கு உள்ளே இருந்த நுனிகளுக்கெல்லாம் பெயர் ஒட்டிய நான், எஞ்சின் பக்கம் இருந்த நுனிகளை அப்படியே விட்டிருந்தேன். அங்கே நிறத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்ற நினைப்பு. முன்விளக்குகள் இன்னும் மாட்டப்படவில்லை. அவற்றின் வயர்கள் நுனியில் ஒன்றும் சுற்றப்படாமல் தகட்டின் மேல் கிடந்தன. ஃபியூஸ் ஒன்று எரிந்துபோயிருந்ததால், சோதித்துப் பார்க்க மட்டும் என்று அதன் இடத்தில் ஒரு செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தேன். அது கூடாது என்று தெரிந்துதான் வைத்தேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் நான் டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். அவர் பானெட்டைத் திறந்து ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஹார்னுக்குப் போகும் ஊதா வயர் ஒன்றுதான் பாக்கி.

"ஊதாவை எடும்," என்றேன்.

"எது மன்னா?"

"ஊதா. அதை மேல் முனையில பூட்டும்."

"ஊதா... ஆங், கெடச்சிருச்சு. மாட்டியாச்சு."

"இறுக்கினீரோ?"

"இறுக்கியாச்சு லா. பாட்டரி குடுக்கவா?"

"குடும்."

என் முகத்துக்கு நேர் மேலே மின்சார மீட்டரின் முள் ஒரே துள்ளாகத் துள்ளி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ரப்பர் எரியும் நாற்றம் வந்தது. அடுத்த கணம் வயர்க் கட்டுக்குள்ளிருந்து புகை இறங்கி என் கண்ணை மூடியது. "அலாமாக்! மச்சான், வெளிய வாங்க!" என்ற சத்தம் கேட்டது. அவர் பழுக்கச் சூடேறியிருந்த பாட்டரி இணைப்பை வெறும் கையால் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிவந்து, என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். அவருடைய உள்ளங்கை வெந்திருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்தது ஃபியூஸ் பெட்டியைத்தான். மேல் முனையில் பூட்டியிருந்தது நீல வயர். நுனி தகட்டின் மேல் கிடந்த முன்விளக்கு வயர். அதன் பக்கத்தில் ஊதா வயர் யாரும் தொடாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

டாஷ்போர்டைத் திரும்பிப் பார்த்தேன். மின்சார மீட்டரின் கண்ணாடி கறுத்திருந்தது. ஸ்பீடோமீட்டரின் முகத்தில் நாற்பதைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்திருந்தது.

"ஊதாவும் நீலமும் தெரியாத தோட்டக்காட்டான்!" என்றேன்.

கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

தங்கை கொட்டகையின் விளிம்பில் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"அப்பா செத்துப்போனார் எண்டு நினைச்சிருந்தன்," என்றாள்.

பிறகு தன் கணவரின் கையைப் பார்த்தாள். முந்தானையைக் குழாயடியில் நனைத்து வந்து அதில் சுற்றினாள். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். "வாங்க, போவம்," என்று அவள் சொன்னதும் இருவரும் போய்விட்டார்கள்.

அந்தத் தீபாவளிக்கு யாரும் வரவில்லை. நானும் போகவில்லை. முதலில் எனக்குக் கோபம் இருந்தது. ஒரு நிறத்தைப் பார்த்து எடுக்கத் தெரியவில்லையே, கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாமே என்று. கோபம் அடங்கியபோது வெட்கம் வந்தது. வெட்கம் கோபத்தைவிட மோசம், அது ஆளை வீட்டைவிட்டு வெளியே போகவிடாது. எப்போதாவது டெலிஃபோன் செய்வேன். தங்கை எடுப்பாள். "ம்," "சரி," "இருக்கிறம்," என்பாள். அவரைக் கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறார் என்பாள், ஞாயிற்றுக்கிழமையிலும்.

காரை நானே சரி செய்தேன். கருகிய வயர்களை வெட்டி எடுத்துப் புதியவற்றைப் போட்டேன். இந்தத் தடவை இரண்டு நுனிகளிலும் பெயர் ஒட்டினேன். சரியான ஃபியூஸ் போட்டேன். மின்சார மீட்டருக்கு வேறொன்று கிடைத்தது. ஸ்பீடோமீட்டரின் கொப்பளத்தை மட்டும் தொடவில்லை, தொட்டால் எண்ணே உரிந்துவிடும். கார் நன்றாக ஓடியது. மாலையில் லேக் கார்டன் பக்கம் ஓட்டிப் போவேன். முள் நாற்பதைத் தொடும்போது பக்கத்து இருக்கை வாய் திறக்காது. ஓடினால் ஏறுவேன் என்றவள் ஏறவில்லையே என்று அந்தக் காலியிடத்திடம் கேட்பேன். இப்படியே தொண்ணூறுகள் வந்துவிட்டன. இடையில் எனக்கும் திருமணம் ஆனது. அவர்கள் மண்டபத்துக்கு வந்து, கைகுலுக்கி, சாப்பிட்டுப் போனார்கள், தூரத்து உறவினர் மாதிரி.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு வேட்டி எடுக்கப் போன நாளில்தான் அது நடந்தது. என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா நின்று, "அந்த ஊதாச் சேலையை எடு தம்பி," என்றார். கடைக்காரர் கொஞ்சமும் தயங்காமல் ஒரு நீலச் சேலையை எடுத்து விரித்தார்.

நான் கேட்டேன். "இதுவா ஊதா?"

"ஆமா அங்கிள். ஊதா. ப்ளூ."

"அப்ப அது?" என்று ஊதாச் சேலை ஒன்றைக் காட்டினேன்.

"அது கத்தரிப்பூக் கலரு."

வேட்டியை எடுக்காமலே வெளியே வந்துவிட்டேன். பிறகு சந்தோஷம் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் தவறு செய்யவில்லை! நானும் தவறாகச் சொல்லவில்லை! ஒரு சொல் எங்கள் வீட்டில் ஒரு நிறமாகவும் அவர் வீட்டில் இன்னொரு நிறமாகவும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று. காரை எடுத்துக்கொண்டு நேரே பண்டமாரானுக்குப் போனேன். வழியெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்று அழகு பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. காரைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு வந்தார். கதவைத் திறந்து டாஷ்போர்டைக் குனிந்து பார்த்தார். "நல்லா கட்டியிருக்கீங்க வயரை," என்றார்.

நான் துணிக்கடைக் கதையைச் சொன்னேன். கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் முடியும்வரை கேட்டார்.

"தெரியும் மச்சான்," என்றார். "பள்ளிக்கூடத்துல ஊதான்னா வயலட்டுன்னுதான் படிச்சேன். அன்னைக்கு அவசரத்துல எங்கம்மா சொல்ற ஊதாதான் காதுல விழுந்துச்சு. பஸ்ல போகும்போதே புரிஞ்சிருச்சு."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் காரின் கதவை மெதுவாகச் சாத்தினார். "ஊதாவா மச்சான் பிரச்சனை?"

அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. இவ்வளவு படித்தவன், இரண்டு நிறங்களின் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு போனேனே தவிர, அந்த வாக்கியத்தை எடுத்துப் போகவில்லை. தங்கை வாசலுக்கு வந்தாள். அவளிடம், "தீபாவளிக்கு வீட்டுக்கு வாங்கோ, நான் வந்து காரில ஏத்துறன்," என்றேன்.

"வரோம் அண்ணா," என்றாள். "பஸ்ல வந்துடறோம்."

'வாறம்' என்று சொல்லவில்லை, 'வரோம்' என்றாள். அவள் தன் கணவரின் தமிழில் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு என்னோடு வேறு தமிழ் பேசவில்லை. திரும்பும் வழியில் சுபாங் ஜெயா வரும்வரை எத்தனையோ இடத்தில் காரைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை.

சொன்னபடி தீபாவளிக்கு அவர்கள் பஸ்ஸில் வந்தார்கள். சாப்பாடு முடிந்தது. என் மனைவி பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் தங்கையிடம், "அண்டைக்கு நான் சொன்ன சொல்லு..." என்று தொடங்கினேன்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றாள். "அவர்கிட்ட சொல்லுங்க."

முன்னறைக்குப் போனேன். அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். "நான் உம்மைத் தோட்டக்காட்டான் எண்டு சொன்னது பிழை. உம்மட கை வெந்ததைப் பார்க்காமல் அந்தச் சொல்லைச் சொன்னன். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

அவர் சற்று நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டினார். உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அவர்கள் கிளம்பினார்கள். தங்கை கொட்டகையில் நின்று காரைப் பார்த்தாள். முதல் தடவையாக அருகில் போய், ஜன்னல் வழியாக உள்ளே குனிந்து பார்த்தாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன்.

"கொண்டுபோய் விடட்டே?" என்றேன்.

அவள் கை கதவுப்பிடியின் மேல் இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"வேணாம் அண்ணா," என்றாள். "பஸ் இருக்கு."

நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அவர்களோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.